அடி துடைத்தேனா

துடைத்திருப்பேன். துடைக்காமல் எப்படி வைப்பேன், இத்தனை வருஷத்தில் எத்தனை மண்பாத்திரங்களை இந்தக் கையால் கிளேஸ் பூச்சில் முக்கி எடுத்திருக்கிறேன், முக்கியதும் கவிழ்த்துப் பிடித்து ஈர ஸ்பாஞ்சால் அடிவட்டத்தைச் சுற்றி ஒரு துடை, ஸ்பாஞ்சைத் திருப்பி இன்னொரு துடை, அதற்கப்புறம்தான் சூளைப் பலகைமேல் வைப்பது, அது பல் தேய்ப்பது மாதிரி, காலையில் பல் தேய்த்தோமா என்று யாராவது மத்தியானம் உட்கார்ந்து யோசிப்பார்களா. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூளைக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுப் பெட்டியில் சிவப்பாக மினுங்கும் சூட்டின் எண்ணையே பார்த்துக்கொண்டு. இருநூற்று முப்பது டிகிரி. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் இருநூற்று முப்பது. நூறுக்குக் கீழே இறங்காமல் கதவைத் திறக்கக் கூடாது, வெளிக்காற்று பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும், சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். கோதைக்கா சக்கரத்தில் உட்கார்ந்து செய்துகாட்டுவாள், நான் பக்கத்தில் நின்று வாயால் சொல்வேன். அந்தப் பெண்கள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவள் கைகளைப் பார்ப்பார்கள். நானும் அவள் கைகளைத்தான் பார்ப்பேன். வாயில் அக்கா, நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களா. மனசுக்குள் அவள், இவள். எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று தெரியவில்லை, பாண்டிச்சேரிக்கு வந்து இந்த முந்திரித் தோப்பு ஓரத்து வீட்டை இரண்டு பேருமாகப் பார்த்து, ஷெட்டுக்குத் தகரம் போட்டு, சூளை வந்து இறங்கிய அன்று நான் ஜெபம் சொல்ல அவள் கற்பூரம் ஏற்ற, அன்றைக்கெல்லாம் மனசுக்குள்ளும் அவர் அக்காதான்.

முந்தாநாள் நடந்தது இவ்வளவுதான். கண்காட்சிக்கென்று கோதைக்கா செய்த அந்தப் பெரிய கிண்ணம் என் இடது கையில் கவிழ்ந்திருந்தது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அகலம், விளிம்பு மட்டும் அப்பளம் மாதிரி மெல்லிசாக வெளியே விரியும், அப்படி ஒரு விளிம்பை இழுக்க அவளால்தான் முடியும். கிளேஸ் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் ஸ்பாஞ்சு. தூளியில் மிரி அழ ஆரம்பித்தாள், என் மிரியம், ஒன்பது மாதம், அழ ஆரம்பித்தால் முகம் நீலம் பாரிக்கும் வரை அழுவாள். கை நிறைய கிண்ணம், எப்படி எழுவது. கோதைக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, தூளியிலிருந்து அவளை அள்ளித் தோளில் போட்டாள். குழாயை மூடின மாதிரி அழுகை நின்றது. விசும்பல்கூட இல்லை. "என்னடி ராணி, அம்மாகிட்ட கோவமா? அம்மா அங்க சட்டி கழுவிட்டிருக்காடி, நம்ம போயி ஆட்டுக்குட்டி பாப்பமா?" சேலத்துக் குரல், சிரித்துக்கொண்டே. மிரி அவள் கழுத்து மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், மூக்கைத் தேய்த்தாள், எனக்கு மட்டுமே என்று நான் நினைத்திருந்த அந்தத் தேய்ப்பு. நான் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ. அடுத்து நினைவிருப்பது கிண்ணம் சூளையில் மேல்பலகையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் நான் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும். நடுவில் ஒன்றுமில்லை. ஸ்பாஞ்சு அடிவட்டத்தைத் தொட்டதா. தொட்டிருக்கும். தொடாமல் அப்படியே வைத்திருந்தால் கிளேஸ் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி, கிண்ணத்தைப் பலகையோடு ஒட்டியிருக்கும், உளி வைத்துத் தட்டினால்தான் வரும், உளி வைத்தால் அந்தக் கிண்ணம் வராது, துண்டுதான் வரும். நான் ஞாபகமறதிக்காரி இல்லை. பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தால் நின்று பார்த்து இறக்குகிறவள், ராத்திரி எழுந்து குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்து, படுத்ததும் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி எழுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஒரு துடை மட்டும் ஏன் நினைவில் இல்லை.

பாவமாவதற்கு மூன்று வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் சிஸ்டர் யூஜினி சொன்னார், காரியம் பெரிதாக இருக்க வேண்டும், அது தப்பென்று தெரிந்திருக்க வேண்டும், மனசு முழுதாகச் சம்மதித்திருக்க வேண்டும். நான் கையைத் தூக்கி, மறந்துபோனால் சிஸ்டர் என்றேன். மறந்தது பாவமில்லை பிள்ளாய், ஆனால் மறக்க ஆசைப்பட்டாயா என்று உன்னைக் கேட்டுப் பார் என்றார். இப்போது யோசித்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பதிலா அது. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில், ஃபாதரின் ஜன்னலுக்கு முன்னால் முழங்கால் போட்டால் மற்ற பிள்ளைகளெல்லாம் பொய் சொன்னேன், மிட்டாய் திருடினேன் என்று இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடும், நான் மட்டும் பொறாமைப்பட்டேனா என்று தெரியவில்லை ஃபாதர் என்று ஆரம்பித்து வரிசையைத் தேக்கிவிடுவேன். தெரியவில்லை ஃபாதர். இப்போதும் தெரியவில்லை. இருநூற்று இருபத்தைந்து.

கை நன்றாக இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. பிரசவம் முடிந்து வந்து சக்கரத்தில் உட்கார்ந்த முதல் நாள், மண் உருண்டையை நடுவில் நிறுத்த இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன், பெருவிரல் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் மின்சாரம் மாதிரி ஒரு வலி, மண் கையை விட்டு எகிறிச் சுவரில் போய் அப்பியது. கோதைக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். டாக்டரம்மா மணிக்கட்டைத் திருகிப் பார்த்துவிட்டு, "பச்சைக்குழந்தையத் தூக்கறவங்களுக்கு வர்றதும்மா இது, பட்டை போட்டுக்கோங்க, குழந்தையக் கொஞ்சம் கம்மியாத் தூக்குங்க" என்றார். குழந்தையைத் தூக்கியதால் வந்த வலி, அதனால் குழந்தையைத் தூக்காதே. சரி, யார் தூக்குவது? பிரிட்டோவுக்குச் சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைப் புருஷன். என் அம்மாவுக்கு மூட்டுவலி. கோதைக்கா தூக்கினாள். பழைய வாயில் புடவையைக் குறுக்காகக் கட்டி மிரியை நெஞ்சில் போட்டுக்கொண்டே கைப்பிடி ஒட்டுவாள், வாடிக்கையாளரோடு பேசுவாள், ஈர மண் வாசனையும் அவள் வேர்வையும் சேர்ந்த அந்தக் கதகதப்பில் என் பெண் தூங்குவாள். நானே கேட்டேன், கொஞ்சம் வச்சுக்கறீங்களாக்கா என்று நானே கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கிளேஸ் வாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன், தராசும் சல்லடையும் முகமூடியுமாக. அந்தப் பொடிகள் இருக்கிற அறைக்குள் குழந்தை வரவே கூடாது, மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், நான் தினமும் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துணி மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் அவளைத் தொடுவேன். அதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும், அல்லது பசி அடங்கியிருக்கும், அல்லது நான் சோப்பு வாசனையாக இருப்பேன், யாரோ மாதிரி. பயந்து பயந்து கழுவினவள் நான், மண்ணோடு அள்ளினவள் அவள்.

மண்ணும் அப்படித்தான் அவளிடம். போன மழையில் கோப்பைகளின் கைப்பிடியெல்லாம் ஒட்டின இடத்தில் விரிசல் விட்டது, கைப்பிடி சீக்கிரம் காய்கிறது, கோப்பை மெதுவாகக் காய்கிறது, இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்ட வேண்டும், ஒட்டியபின் பிளாஸ்டிக் போர்த்தி மெதுவாகக் காயவிட வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்திருக்கும்போது, அவள் ஒரு கோப்பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இது ரெடி, இது இன்னும் ரெண்டு பாட்டு கேக்கணும்" என்பாள். சரியாக இருக்கும். கிளேஸில் ஊசித்துளை விழுந்தால் மட்டும் என்னிடம் வருவாள். "செலின், இந்தக் கெமிஸ்ட்ரி எல்லாம் உன் டிப்பார்ட்மெண்ட், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சுத்தறது ஒண்ணுதான்." நான் முதல் சூட்டை நிதானமாக ஏற்றி, மண்ணில் இருக்கிற புகையெல்லாம் வெளியேற நேரம் கொடுத்துச் சரிசெய்வேன், அடுத்த சூளையில் துளை இருக்காது. யாரும் கிண்ணத்தைக் கையில் எடுத்து, ஆஹா இதில் துளையே இல்லை என்று சொன்னதில்லை. ஆஹா என்ன வடிவம் என்பார்கள். இல்லாத ஒன்றைச் செய்கிறவள் நான். சென்னைக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது, அவள் பெயருக்கு மட்டும் வந்தது. "அட, இது நம்ம ரெண்டு பேருக்கும்தான்டி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மறைத்து வைத்திருந்தால், பெருமையடித்திருந்தால், எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். பங்கு தருகிறவளை என்ன செய்வது. அந்தப் பச்சை கிளேஸ் நான் ஒரு வருஷமாகக் கலந்து கலந்து கண்டுபிடித்தது, அதைத்தான் கேட்டாள், இந்தக் கிண்ணத்துக்கு உன் பச்சைதான், வேற எதையும் போட விடமாட்டேன் என்றாள். இன்றைக்குச் சாயங்காலம் வேன் வருகிறது, கண்காட்சிக்குப் போகிற மற்றவர்களின் சாமானையும் ஏற்றிக்கொண்டு. இந்தக் கிண்ணம் இல்லையென்றால் அவளுக்கு அனுப்ப வேறொன்றில்லை. எல்லாம் என் கையில் இருந்தது, முந்தாநாள், கவிழ்த்தபடி, சொட்டச் சொட்ட.

போன் அடித்தது. பிரிட்டோ. "இன்னும் சூளைக்கு முன்னாடியேதான் உக்காந்திருக்கியா? அது எங்கயும் ஓடிடாது செல்லம்."

"எண்ணு இறங்கவே மாட்டேங்குது."

"நீ முறைச்சா பயந்துகிட்டு எப்படி இறங்கும்? சாப்டியா?"

"ம்."

"பொய். சரி, பாப்பாவக் காட்டு, வீடியோவுக்கு வா."

"தூங்கிட்டு இருந்துச்சு, எந்திரிச்சு வெளிய போயிருக்கு. கோதைக்கா பீச் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப அவங்களுக்கே பண்ணிடறேன். அவங்க காட்டினாத்தான் சிரிக்கிறா அந்தக் கழுத." வைத்துவிட்டான். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. இவன் அவளுக்கு வீடியோவில் பேசுவான், அந்தச் சின்னச் சதுரத்துக்குள் கடல், அவள், என் பெண், மூன்றும் இருக்கும், பார்க்கிறவனிடம் யார் அம்மா என்று கேட்டால் அவளைக் காட்டத் தயங்க மாட்டான். கிளம்பும்போது மிரி டாட்டா காட்டினாள். விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிற டாட்டா, புதுசு, அவள்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் இல்லை. என் குழந்தை முதன்முதலாக டாட்டா காட்டியது எனக்கே. இன்னொருத்தியின் இடுப்பிலிருந்து. "நூறுக்குக் கீழ வராம கதவத் தொடாத என்ன, நான் வந்து ரெண்டு பேரும் சேந்து திறப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சேர்ந்து திறக்க வேண்டும். சேர்ந்து திறந்து, அவள் கை நீட்டி, கிண்ணத்தைத் தூக்கப் பார்த்து, அது வராமல், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தூக்கிப் பார்த்து, வராமல், மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால். திட்டமாட்டாள். "பரவால்ல விடுடி" என்பாள். பரவாயில்லை என்று அவள் சொல்ல, நான் அவளுக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவளாக. அதன்பிறகு எந்த முகத்தோடு மிரியைக் கொடுங்க என்று கை நீட்டுவேன்.

இருநூற்றுப் பத்து. தெரிந்துவிட்டால் போதும். அவள் வருவதற்குள் தெரிந்துவிட்டால், ஒட்டியிருந்தால் முகத்தைத் தயார் செய்துகொள்ளலாம், வாசலிலேயே போய்ச் சொல்லிவிடலாம், ஒட்டவில்லையென்றால் மூடிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துகொள்ளலாம். கதவை ஒரு விரல்கடை திறந்து போன் வெளிச்சத்தில் பார்த்தால் என்ன, அந்த அளவு காற்று என்ன செய்துவிடும். எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்தேன். முதல் நாள் வகுப்பில் நான் சொல்வது எனக்கே கேட்டது, என் கான்வென்ட் குரல், அவசரப்பட்டுத் திறப்பதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. மறக்க ஆசைப்பட்டாயா பிள்ளாய். மறந்திருந்தால் ஆசைப்பட்டிருக்கிறேன், துடைத்திருந்தால் ஆசைப்படவில்லை, நான் எப்படிப்பட்டவள் என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மண்வட்டத்தில் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் இரண்டு மணி நேரம் எப்படி உட்காருவது. தாழ்ப்பாள் சூடாக இருந்தது. திறந்தேன்.

முகத்தில் அனல் அடித்தது, கண் இமை காய்ந்தது. ஒரு விரல்கடையில் எதுவும் தெரியவில்லை. அகலமாகத் திறந்தேன். மேல்பலகையில் கிண்ணம், என் பச்சை அதன் மேல் கடல் ஆழத்து நிறத்தில் திரண்டு, விளிம்பில் மட்டும் நீர்த்துத் தேன் நிறமாக. இவ்வளவு அழகை நான் எதிர்பார்க்கவில்லை. யாருடைய அழகு இது, விளிம்பு அவளுடையது, நிறம் என்னுடையது, எங்கே அவள் முடிகிறாள். பார்வையால் அடி தெரியாது, தூக்கினால்தான் தெரியும். தடித்த தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டேன், பட்டை போட்ட மணிக்கட்டு முனகியது, இரண்டு பக்கமும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே. வந்துவிட்டது. ஒரு சின்னப் பிடிப்புகூட இல்லாமல், தூங்குகிற குழந்தையைப் பாயிலிருந்து எடுக்கிற மாதிரி வந்துவிட்டது. நெஞ்சுக்கு நேராகச் சாய்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிவட்டம் சுத்தமாக, உலர்ந்து, பிஸ்கட் நிறத்தில். ஒரு சொட்டு இல்லை. ஓரத்தில் ஸ்பாஞ்சு போன தடம்கூடத் தெரிந்தது, ஒரு துடை, திருப்பி இன்னொரு துடை. துடைத்திருக்கிறேன். மனசு எங்கேயோ போய் அவள் கழுத்தை முறைத்துக்கொண்டு நின்றபோதும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். துடைச்சிருக்கேன் சிஸ்டர், என் கையப் பாருங்க. கையுறையைத் தாண்டி வந்த சூடு நெஞ்சில் இதமாக இருந்தது, அப்படியே நெஞ்சில் படாமல் ஏந்திக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் நின்றேனோ. தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

டிங்.

சின்னச் சத்தம். கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற மாதிரி. விளிம்பிலிருந்து ஒரு முடி, கருப்பாக, பச்சைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் போய்விடுகிற முடி மாதிரி இருந்தது. ஊதிக்கூடப் பார்த்தேன்.

கேட் திறக்கிற சத்தம். "செலின்! வந்து உன் பொண்ணோட கூத்தப் பாரு, பீச்ல ஒரு காக்கா இவ கையில இருந்த பிஸ்கட்டத் தூக்கிட்டுப் போயிருச்சு, இவ அழுவான்னு பாத்தா அதுக்கு டாட்டா காட்டறா..." பேசிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தவள் நின்றாள். திறந்த சூளை, கையுறை, கிண்ணம், நான். முதலில் கையை நீட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

"எவ்ளோல திறந்த?"

"இருநூத்திப் பத்து."

கிட்டே வந்தாள். முடியைப் பார்த்தாள். விரிசல் மீதி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் முதல்முறையாக வயசு தெரிந்தது.

"ஏன்டி?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "அடி துடைச்சேனான்னு சந்தேகம் வந்துருச்சுக்கா. ஒட்டியிருக்குமோன்னு."

"அடியா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீயா? நீ துடைக்காம வைப்பியா? அத நான் நெனச்சுக்கூடப் பாக்கலயேடி."

நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. முந்தாநாளிலிருந்து நான் என்னிடம் தேடித் தேடிக் கிடைக்காததை இவள் பாட்டுக்கு வைத்திருந்திருக்கிறாள், கடற்கரைக்கும் காக்காவுக்கும் நடுவில், எடுத்துப் பார்க்கக்கூட அவசியமில்லாமல். அதுவும் இவளிடம். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, அறைய வேண்டும் போலவும். மிரி அவள் இடுப்பிலிருந்து எட்டி என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள், ம்மா என்றாள், உடம்பு முழுக்க என்னை நோக்கி வளைந்தது. என்னால் கை நீட்ட முடியவில்லை. நீட்டினால் கிண்ணம் விழும்.

"தரையில வைக்காத, ஜில்லுனு இருக்கும்," என்றாள் கோதைக்கா. "அப்படியே வச்சிரு. அசையாத."